கணக்கில் ஏறாத உப்பு

இரும்புச் சட்டி காய்ந்ததும் இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டால் முதலில் ஒன்றும் நடக்காது. ஈரம் மெல்ல ஆவியாகும். பிறகு ஒரு கல் வெடிக்கும், தொடர்ந்து இன்னொன்று. கரண்டியால் புரட்டப் புரட்ட, கடுகு பொரிவதைவிடக் கனமான சத்தத்தோடு கற்கள் சடசடவென்று தெறிக்கும். உப்பளத்தில் விளைந்தபோது கல்லுக்குள் மாட்டிக்கொண்ட கடல்நீர்த் துளி, சூட்டில் ஆவியாகிக் கல்லைப் பிளந்து வெளியேறும் சத்தம் அது. வெடிப்பு அடங்கினால் உப்பு காய்ந்துவிட்டது. பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து, உப்பைக் கொட்டி முடிந்து, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து, சுருண்டு படுத்திருக்கும் பெண்ணின் அடிவயிற்றில் ஒற்றி ஒற்றி எடுப்பார்கள்.

"ஆயா, சுடுது."

"செத்தப் பொறு ஆத்தா. ஆறிப்போனா அப்புறம் என்னத்துக்கு ஆகும்?"

செட்டிநாட்டில் தாயைப் பெற்றவர் ஆயா, தகப்பனைப் பெற்றவர் அப்பத்தா. பேத்தியைக் கொஞ்சினாலும் தேற்றினாலும் வாயில் வருவது ஆத்தா என்ற சொல். மாதாமாதம் வரும் அந்த வயிற்று வலிக்குப் பேர் சொல்லிப் பேசும் வழக்கம் இல்லை. 'வெளியே இருக்கா', 'தூரம்', 'வயித்து வலியாம்' என்று சுற்றி வளைத்த சொற்கள்தான். மருத்துவ நூல்கள் சூதக வலி என்கின்றன. அடுக்களையில் அதற்கு ஒரு முடிச்சு உப்பு இருந்தது. அதைச் சூடாக்கிக் கொடுக்க ஒரு மூத்த பெண்ணின் கை இருந்தது.

வியாபாரக் கணக்கை ஓலையிலும் காகிதத்திலும் காசு பிசகாமல் எழுதி வைத்த ஊர்கள் இவை. எந்தப் பேரேட்டிலும் இந்த உப்பு ஏறியிருக்க வழியில்லை. ஆனால் இவ்வூர்க்காரர்களின் வியாபார வரலாறே ஒரு வகையில் உப்பு மூட்டையிலிருந்துதான் தொடங்குகிறது.

பர்மாவும் மலேயாவும் வருவதற்கு முன்பு, தேக்குத் தூண்களும் பெல்ஜியம் கண்ணாடிகளும் வருவதற்கு முன்பு, செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் உப்பு விற்றார்கள். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று காரைக்குடிக்கு அருகில் உள்ள நேமம். அந்த நேமத்துக் கோயிலைச் சேர்ந்த குமரப்பன் என்ற வணிகர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உப்பு விற்கப் பழனிக்குப் போனார் என்று பழனி தொடர்பான நகரத்தார் அறப்பட்டயங்கள் சொல்கின்றன. அங்கே அவர் தம் வியாபாரத்தில் முருகனுக்கும் ஒரு பங்கு வைத்தார். அதுதான் மகமை. லாபத்தில் சாமிக்கென்று ஒரு பகுதியை எடுத்து வைத்து, அதற்குத் தனிக் கணக்கு எழுதும் வழக்கம். அவரைப் பார்த்து மற்ற வணிகர்களும் பழனிக்கு உப்புக் கொண்டுபோனார்கள், மகமையும் சேர்ந்தது. அமெரிக்க மானுடவியலாளர் டேவிட் வெஸ்ட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நகரத்தார் பற்றிய ஆய்வு நூலில் இந்தப் பட்டயங்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பிற்காலத்தில் ரங்கூன் வரை நீண்ட கடன் வலைப்பின்னலின் ஆரம்ப இழையை அவர் கண்டெடுப்பது இந்த உப்பு வியாபாரத்தில்தான்.

இன்றும் தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் நடந்தே பழனிக்குப் போகின்றன. குன்றக்குடியில் கூடி அங்கிருந்து கிளம்பும் அந்த வரிசையைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு முன்னே போன உப்பு மூட்டை நினைவுக்கு வரும் என்று தெரியாது. கடல் கடந்து தொழில் செய்யப் போவதைச் செட்டிநாட்டில் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். கொண்டுபோய் விற்பது. வட்டிக்கடையைவிட உப்பு மூட்டைக்கே அந்தச் சொல் நன்றாகப் பொருந்துகிறது.

உப்பு எங்கிருந்து வந்தது? செட்டிநாடு வறண்ட உள்நாடு. கண்மாய்த் தண்ணீரை நம்பிய ஊர்கள். ஆனால் கிழக்கே தேவகோட்டையைத் தாண்டிப் போனால் தொண்டி. அதற்குத் தெற்கே தேவிபட்டினம், வாலிநோக்கம் என்று நீளும் கடற்கரை. 1985இல் சிவகங்கை தனி மாவட்டமாகப் பிரியும்வரை காரைக்குடியும் அந்தக் கடற்கரையும் ஒரே ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தவை. கடலோர உப்பை உள்நாட்டு நெல்லுக்கு மாற்றும் தொழிலோ அதைவிட மிகப் பழையது. சங்கப் பாடல்களில் வண்டி கட்டிப் போகும் உமணர் செய்ததும் அதுதான்.

நகரத்தாரின் உப்பு வியாபாரம் நெடுநாள் நிற்கவில்லை. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமானது. விளைவிப்பதும் விற்பதும் அரசின் பிடிக்குள் போயின. நகரத்தார் அதற்குள் அரிசி, பருத்தி, கடன் என்று வேறு தொழில்களில் கால் ஊன்றியிருந்தார்கள். உப்பு வரி 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்களின் வழக்கானது, 1947இல் நீங்கியது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதிகம் சொல்லப்படாதது, உப்பு வியாபாரிகளின் வீட்டுக்குள் நடந்த கதை.

19ஆம் நூற்றாண்டில் செட்டிநாட்டு ஆண்கள் இலங்கை, பர்மா, மலேயா, சைகோன் என்று கொண்டுவிக்கப் போனார்கள். ஏஜெண்டாகப் போனால் மூன்று வருஷத் தவணை. வீடு பெண்களிடம் இருந்தது. முகப்பும் பட்டாலையும் ஆண்கள் வந்து உட்காரும் இடங்கள். வளவு, இரண்டாங்கட்டு, அடுக்களை எனப் பின்னோக்கிப் போகப் போக ஆச்சிமார்களின் அரசாங்கம். கல்யாணச் சீரில் வந்த பாத்திரங்கள், ஊறுகாய் ஜாடிகள், வருஷத்துக்கு வாங்கிச் சேர்த்த புளி, மிளகாய், உப்பு. அந்த உப்பு ஈரம் கோத்துக் கசியும் என்பதால் மரவையிலோ பீங்கான் ஜாடியிலோதான் இருக்கும். உலோகத்தில் வைத்தால் அரித்துவிடும்.

இங்கே ஒரு கொடுமையையும் சொல்ல வேண்டும். தூரமான பெண் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும் என்றார்கள். அடுக்களைப் பக்கமே போகக் கூடாது, உப்பு ஜாடியையும் தொடக் கூடாது என்று பல வீடுகளில் விலக்கினார்கள். தமிழ்நாடு முழுக்க இருந்த வழக்கம் இது. செட்டிநாட்டுக்கு மட்டும் உரியது இல்லை. அதன் விளைவை யோசித்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. வலிக்கு மருந்து உப்பு ஜாடியில் இருக்கிறது. வலிக்கிறவளுக்கு அந்த ஜாடியைத் தொட உரிமை இல்லை. அவளுக்காக இன்னொருத்தி எழுந்துபோய் அடுப்பு மூட்டி, உப்பு வறுத்து, முடிந்து எடுத்து வர வேண்டும். மாமியார் மனசு வைத்தால் உண்டு. அப்பத்தா பார்த்தால் உண்டு. யாரும் பார்க்காத வீட்டில் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு பல்லைக் கடித்தவர்கள் எத்தனையோ பேர்.

உப்புக்கு அந்த நாட்களில் இன்னொரு வேலையும் இருந்தது. கறைபட்ட துணியைக் குளிர்ந்த உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் ரத்தம் விட்டுவிடும். வெந்நீர் பட்டால் கறை அப்படியே உறைந்துபோகும். பெண்கள் ஒருவருக்கொருவர் காதோடு சொல்லிக்கொடுத்த அறிவு இது. கிணற்றடியின் மூலையில், வாளியை மூடி வைத்து, விடிவதற்குள் முடித்த வேலை. அதற்கும் சிட்டிகை உப்பு போதாது, ஒரு பிடி வேண்டும்.

சித்த மருத்துவம் இந்த ஒற்றடத்தை வெறும் பாட்டி வைத்தியமாக விடவில்லை. அக மருந்துகள் 32, புற மருந்துகள் 32 என்று வகுக்கும் அந்த முறையில் ஒற்றடம் புற மருந்துகளில் ஒன்று. உப்பு, தவிடு, மணல், நொச்சியிலை, விளக்கெண்ணெய் தடவி வாட்டிய ஆமணக்கிலை என்று பொருளுக்கேற்ற ஒற்றடங்கள் உண்டு. வலி என்றால் வாயுவின் கோளாறு. வாயுவைச் சூடு தணிக்கும். அந்தக் காலத்து விளக்கம் இவ்வளவுதான்.

ஆனால் உப்பு வெளியே மட்டும் நிற்கவில்லை. உள்ளேயும் போனது. எந்த உப்பு, எவ்வளவு என்பதில்தான் கதை சிக்கலாகிறது.

சித்த மருத்துவத்தில் உப்பு என்ற சொல் அடுக்களை உப்போடு நிற்பதில்லை. கறியுப்பு, கல்லுப்பு, இந்துப்பு, வளையலுப்பு, வெடியுப்பு தொடங்கி நவச்சாரம், படிகாரம், வெங்காரம், துருசு, அன்னபேதி என்று காரசாரங்களின் பட்டியல் 25 வரை போகிறது. துருசு செம்பின் உப்பு, அன்னபேதி இரும்பின் உப்பு. இவற்றில் மூன்று, பெண்களின் மாத நோவோடு அதிகம் சேர்ந்து வருகின்றன.

முதலாவது இந்துப்பு. சிந்து நதிப் பக்கத்திலிருந்து வந்ததால் வடமொழியில் சைந்தவம், தமிழில் இந்துப்பு. இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள கெவ்ராச் சுரங்கம்தான் இதற்குப் பேர் போனது. ஏறத்தாழ முழுக்கச் சோடியம் குளோரைடுதான்; இளஞ்சிவப்பு நிறம் அதில் கலந்த சிறு அளவு இரும்புக் கனிமங்களால் வருவது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம், இந்துப்பு ஆகிய எட்டும் சேர்ந்தது அட்டச் சூரணம். வாயுவுக்கும் வயிற்று வலிக்கும் இதைச் சாதத்தில் நெய்யோடு பிசைந்து முதல் கவளமாகச் சாப்பிடுவார்கள். மாதவிலக்கு நாளில் வயிறு உப்பிக் குமட்டும் பெண்ணுக்கும் இதையே மோரில் கலக்கிக் கொடுப்பது வழக்கம். இந்துப்பு இமயத்தைத் தாண்டாமலே இமாலய உப்பானது சமீபத்திய விளம்பரக் கதை. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் பொருள்களுக்கு இந்தியா 200 சதவீத வரி போட்டது. 2025 மே மாதம் அங்கிருந்து வரும் இறக்குமதி முழுவதையும் தடை செய்தது. இந்தியாவுக்குள் ஹிமாச்சலப் பிரதேசத்தின் மண்டிப் பகுதியிலும் பாறை உப்பு கிடைக்கிறது.

இரண்டாவது வெங்காரம், அதாவது போராக்ஸ். செட்டிநாட்டில் இதை மருந்துக்கடையைவிட நகை செய்யும் பத்தர் பட்டறையில் பார்த்தவர்கள் அதிகம். கல்யாண நகையான கழுத்துருவின் உருக்களை ஒன்றோடொன்று பற்றவைக்கும்போது, வெங்காரத்தைத் தண்ணீர் விட்டுக் கல்லில் உரைத்து, அந்தக் குழம்பை இணைப்பில் தடவுவார் பத்தர். ஊதுகுழலின் தீ பட்டதும் அது நுரைத்துப் பொங்கி, பிறகு கண்ணாடிபோல் உருகித் தங்கத்தின் மேல் படரும். ஆக்சைடு படலத்தைக் கரைத்துவிடுவதால் பற்றுப்பொடி பிடித்துக்கொள்ளும். பழைய காலத்தில் இது திபெத், லடாக் ஏரிக்கரைகளிலிருந்து இறங்கி வந்தது. ஐரோப்பாவுக்கும் நெடுங்காலம் அங்கிருந்துதான் போனது. வெனிஸ் வணிகர்கள் அதைச் சுத்தம் செய்து விற்றார்கள்.

மருந்துக்கு எடுக்கும்போது வெங்காரத்தைச் சட்டியில் பொரிப்பார்கள். அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி நீர் என்பதால், சூட்டில் நீர் போய் வெள்ளைப் பொரியாக உப்பி நிற்கும். பொரிகாரம் என்று பேர் வந்தது அதனால்தான். நீரடைப்புக்கும் சூதகக் கட்டுக்கும் நூல்கள் இதைச் சொல்கின்றன. ஆயுர்வேதத்தில் ரஜப்ரவர்த்தினி வடி என்ற மாத்திரை இன்றும் கடைகளில் கிடைக்கிறது. பைஷஜ்ய ரத்னாவளி சொல்லும் அதன் சேர்மானம் வெங்காரம், அன்னபேதி, பெருங்காயம், கரியபோளம் ஆகிய நான்கும். வராத மாதவிலக்கை வரவைக்கவும் வலியைத் தணிக்கவும் தருவது.

இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வெங்காரத்தை ஐரோப்பிய ஒன்றியம் இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடிய பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. உடம்பில் சேரும் போரான், கருவுக்கும் விந்துக்கும் கேடு செய்வது விலங்குச் சோதனைகளில் தெரிந்த விஷயம். வைத்தியர் அளந்து கொடுத்த காலத்திலேயே இதில் ஆபத்து உண்டு. பத்தர் கடையிலோ பலசரக்குக் கடையிலோ வாங்கி வீட்டில் பொரித்துக் கொடுப்பதை எந்தப் பழமையின் பேராலும் நியாயப்படுத்த முடியாது.

மூன்றாவது அன்னபேதி. பச்சை நிறப் படிகம்; வேதியியலில் ஃபெரஸ் சல்பேட். இதன் பயணம் மற்ற இரண்டையும்விட விசித்திரமானது. சோகைக்கு அன்னபேதிச் செந்தூரம் கொடுத்தார்கள் சித்த வைத்தியர்கள். 2012-13 முதல் நாடு முழுவதும் பள்ளி மாணவிகளுக்கு வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறது அரசு. நீல நிறம்; தொடக்கத்தில் 100 மில்லிகிராம், 2018க்குப் பிறகு 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். அந்த இரும்பு பெரும்பாலும் ஃபெரஸ் சல்பேட்டாகத்தான் இருக்கும். வலியை அது நிறுத்தாது. ஆனால் மாதாமாதம் அதிகமாகப் போகிற பெண்ணுக்கு வரும் சோகையை அது தடுக்கிறது. காரைக்குடியில் பள்ளிக்கூடத்து மேசையில் வாங்கி விழுங்கும் அந்த மாத்திரைக்கும் கல்வத்தில் அரைத்த பழைய மருந்துக்கும் மூலப்பொருள் ஒன்றே என்பது மாணவிகளுக்குச் சொல்லத் தக்க பாடம்.

மேற்கிலும் பெண்களின் வலியும் உப்பும் சேர்ந்தே வந்தன. இங்கிலாந்தின் எப்சம் ஊரில் 1618இல் கசப்பு ஊற்று ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. தாகத்தில் தவித்த மாடுகளே அதைக் குடிக்க மறுத்தன என்பது அந்த ஊர்க் கதை. 1695இல் ஆங்கில மருத்துவர் நெகமையா குரூ அந்த நீரின் உப்பைப் பற்றி நூல் எழுதினார். மெக்னீசியம் சல்பேட் என்ற அந்த உப்பு நம் ஊருக்குப் பேதி உப்பாக வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகர மருத்துவர் வில்ஹெல்ம் சூஸ்லர் 1870களில் வேறொரு வழி சொன்னார்: நோய்களெல்லாம் உடம்பில் குறையும் பன்னிரண்டு உப்புகளால் வருகின்றன, அவற்றை மிக நுண்ணிய அளவில் கொடுத்தால் போதும். அவருடைய பட்டியலில் இசிவு வலிக்கு உரியது மெக்னீசியம் பாஸ்பேட். தமிழ்நாட்டின் எந்த ஹோமியோபதிக் கடையிலும் 'மேக் பாஸ் 6எக்ஸ்' என்று கேட்டால் கிடைக்கும். நாலு மாத்திரையை வெந்நீரில் கரைத்துச் சுடச்சுடக் குடிக்கச் சொல்வார்கள். 6எக்ஸ் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிராம் மாத்திரையில் ஒரு மைக்ரோகிராம் உப்பு. இதனால் வலி குறைந்தது என்று சொல்கிறவர்களுக்கு வெந்நீரும் ஓய்வும் செய்த உதவி கணிசமாக இருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது.

மெக்னீசியத்தையே தள்ளிவிட முடியாது. போதுமான அளவில் கொடுத்தால் மாதவிலக்கு வலி குறைவதாகச் சில சிறு ஆய்வுகள் காட்டின; அவற்றைத் தொகுத்த 2001ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடு, இது நம்பிக்கை தருகிறது, ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பது தெளிவாகவில்லை என்றது. பிரசவ அறையில் அது தன்னை நிரூபித்தே விட்டது. 2002இல் வெளியான மேக்பை ஆய்வில் 33 நாடுகளின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டார்கள்; ரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணிகளுக்கு மெக்னீசியம் சல்பேட் கொடுத்தபோது வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கும் கீழே குறைந்தது. மாடு குடிக்க மறுத்த கசப்பு உப்பு இன்று பெண் உயிரைக் காக்கிறது.

இந்த மெக்னீசியம் உப்பளத்துக்கும் பழக்கமானதுதான். ஒரு லிட்டர் கடல்நீரில் ஒன்றேகால் கிராமுக்கு மேல் மெக்னீசியம் உண்டு. பாத்தியில் உப்பு விளைந்த பிறகு நிற்கும் கசப்பு நீரில் அது செறிந்துவிடும். உப்பில் ஒட்டிக்கொண்டு வரும் மிச்சம்தான் ஜாடியை ஈரமாக்குகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையில், 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உப்புநீரை மின்சாரத்தால் பிரிக்கும் தொழில்நுட்பத்திலும் மெக்னீசிய உலோகத்தைப் பிரித்தெடுப்பதிலும் பல்லாண்டு உழைத்தது. உப்பு மூட்டையில் தொடங்கிய ஊர், உப்பைப் பிளக்கும் அறிவியலில் வந்து நின்றது ஓர் அழகான தற்செயல்.

சரி, ஆயாவின் முடிச்சு என்ன செய்தது?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆய்வாளர் வி.ஆர். பிக்கிள்ஸ் 1950களில் மாதவிலக்கு ரத்தத்தில் தசையைச் சுருங்கவைக்கும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். அது புரோஸ்டாகிளாண்டின் என்று பின்னர் தெளிவானது. அதிகமாகச் சுரந்தால் கருப்பை இறுகுகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, வலிக்கிறது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இந்தச் சுரப்பைத் தடுக்கின்றன என்று 1971இல் ஆங்கில மருந்தியலாளர் ஜான் வேன் காட்டினார். 1982இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பெண்களின் வலி கற்பனை என்று பேசிய மருத்துவர்களின் வாயை அடைத்தது இந்த வேதியியல்தான். அதற்கு முன்பு எத்தனை தலைமுறைகள், 'கல்யாணம் ஆனா சரியாயிரும்' என்ற ஒரே பதிலோடு அனுப்பப்பட்டன!

சூட்டைப் பற்றிய சான்று 2001இல் வந்தது. அமெரிக்காவில் 81 பெண்களிடம் நடந்த ஆய்வு. வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும் வெப்பப் பட்டை, 38.9 டிகிரி செல்சியஸ், நாளுக்கு 12 மணி நேரம், இரண்டு நாள். இன்னொரு பிரிவினருக்கு 400 மில்லிகிராம் இபுபுரூஃபன். வலியைக் குறைப்பதில் வெறும் சூடு மாத்திரைக்குச் சளைக்கவில்லை. 38.9 டிகிரி என்பது உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். தோல் பொசுங்க வேண்டியதே இல்லை.

ஆகவே பலன் சூட்டினுடையது. உப்பு ஒரு வாகனம். ஆனால் நல்ல வாகனம். ரப்பர் வெந்நீர்ப் பையே பிற்காலத்தில்தான் வந்தது. அதற்கு முன்பு சூட்டைத் துணியில் கட்டிக் கொண்டுவர ஒரு பொருள் வேண்டும். தண்ணீர் ஒழுகும். மணலைச் சலிக்க வேண்டும். உப்பு காய்ந்தது, ஒழுகாது, கற்கள் வயிற்றின் வளைவுக்கு இணங்கிப் படியும், ஆறினால் மறுபடி சட்டியில் போடலாம், எல்லா வீட்டிலும் இருக்கும். இத்தனை உப்புகள் பெண்களின் வயிற்றுக்குள் போய் வந்திருக்க, உடம்புக்குள் போகாமலே வேலை செய்தது எல்லாவற்றிலும் மலிவான கல்லுப்பு.

காரைக்குடிச் சந்தையில் இன்றும் கல்லுப்பு கிடைக்கிறது. செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஒரு உழக்கு போதும். வெடித்து முடியும்வரை வறுத்து, தடித்த பருத்தித் துணியை இரண்டு மடிப்பாவது வைத்து முடியவும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்து, தாங்குகிற சூட்டில் மட்டும் வைக்கவும். கால் மணி நேரம் போதும். வைத்தபடியே தூங்கிவிடக் கூடாது. நீரிழிவால் உணர்வு மரத்தவர்களுக்கு இது வேண்டாம். உப்புத் தண்ணீர் குடிப்பது, இந்துப்பைக் கூடுதலாகச் சாப்பிடுவது இரண்டும் வேண்டாம்; எந்த உப்பானாலும் நாளுக்கு ஐந்து கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலி மாத்திரையைத் தானாக வாங்கி மாதாமாதம் விழுங்குவதும் சரியில்லை; மெஃபெனாமிக் அமிலத்தின் அரிதான, ஆனால் கடுமையான ஒவ்வாமை பற்றி 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையமே எச்சரித்திருக்கிறது.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒற்றடத்துக்கும் மாத்திரைக்கும் அடங்காத வலி, பள்ளிக்கூடத்துக்குப் போகவிடாத வலி, வருஷத்துக்கு வருஷம் கூடும் வலி ஆகியவற்றின் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய் இருக்கலாம். பொறுத்துக்கொள் என்று சொல்லாமல், அந்த மாதமே பெண்ணை அரசு மருத்துவமனையின் மகளிர் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.